இத்தாலிய நகரங்களின் விழாக்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் பழைய நகரங்களுக்குத் தமிழ்க் குடும்பங்களையும் சிறு குழுக்களையும் அழைத்துச் செல்வது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகளை, புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அதே தெருமுனைகளில் செய்வதைக் காண்கிறேன். பணப்பை பத்திரம், நடப்பதற்கேற்ற காலணி, கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றை எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த நகரங்களில் கோயிலானாலும் கூத்தானாலும் ஒவ்வொன்றுக்கும் உரிய நாளும் வேளையும் இருக்கின்றன. அவற்றை விசாரிக்காமல் பயணத்தேதியைக் குறித்துவிடுவதால் விளையும் நட்டங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமையில் ஃபுளோரன்ஸ்

ஞாயிறு இரவு வந்து இறங்கி, திங்கள் முழுவதும் சுற்றிப் பார்த்து, செவ்வாய் காலை வெனிசுக்குப் புறப்படும் திட்டத்தோடு பலர் என்னிடம் வருகிறார்கள். உஃபிசி அருங்காட்சியகமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ரோமில் உள்ள போர்கேசே காட்சிக்கூடத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்று வரிசையில் நிற்பதிலேயே காலைப்பொழுது கழிந்துவிடும்.

மிலானில் லியொனார்தோ தா வின்சியின் 'இறுதி இராவுணவு' சுவரோவியத்தைப் பார்க்க 15 நிமிடமே தருவார்கள். அதுவும் சிறு குழுக்களாக மட்டும். 1495க்கும் 1498க்கும் இடையில் அவர் அதை ஈரச் சுண்ணாம்பில் தீட்டாமல் உலர்ந்த சுவரில் தீட்டியதால், அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த சீரமைப்பு 1999இல் முடிந்தது. மூச்சின் ஈரமும் தெருவின் தூசியும் உள்ளே சேராமல் காக்கவே இத்தனை கட்டுப்பாடு. ஆகவே முதலில் இந்தச் சீட்டு கிடைக்கும் நாளை உறுதி செய்துகொண்டு, அதைச் சுற்றி மற்ற நாள்களை அமைப்பதே சரியான வழி.

தேவாலயத்தில் உடை

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

பாலியோவை ஒன்றரை நிமிடப் பந்தயமாக எண்ணுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சியேனா நகரின் குதிரைப் பந்தயமான பாலியோ ஆண்டுக்கு இருமுறை, ஜூலை 2ஆம் தேதியும் ஆகஸ்ட் 16ஆம் தேதியும் நடக்கிறது. சிப்பி வடிவிலான கம்போ சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டி இறுக்கிப் பாதை அமைப்பார்கள். சேணம் இல்லாத பத்துக் குதிரைகள் அதில் மூன்று சுற்று ஓடும். ஒன்றரை நிமிடத்துக்குள் பந்தயம் முடிந்துவிடும். இந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் தெரிந்துகொண்டு, பந்தய நாளன்று பிற்பகலில் ஃபுளோரன்ஸிலிருந்து பேருந்தில் போய் இரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை ஆகஸ்ட் 16 மாலையில் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் பார்த்தேன். ஒரு பயண முகவர் அவர்களிடம் பாலியோ நுழைவு என்று சொல்லித் தலைக்கு ஒரு பெரிய தொகையை வாங்கியிருந்தார். சதுக்கத்தின் நடுவில் நின்று பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பேருந்து வந்து சேர்ந்தபோது நடுப்பகுதி நிரம்பி, வழிகளை அடைத்துவிட்டிருந்தார்கள். மரப் பலகைகளால் கட்டிய பார்வையாளர் படிக்கட்டின் முதுகுப்புறம்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. "தம்பி, குதிரை எந்தப் பக்கம் ஓடுது?" என்று அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார். "இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் ஓடும், அம்மா" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த முகவரின் மீது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. இரண்டு நாள் முன்னதாக அழைத்து வந்திருந்தால், ஒரு காசும் வாங்காமல் அந்தப் பாட்டியைக் குதிரைகளுக்கு அருகிலேயே நிறுத்தியிருக்க முடியும்.

ஏனென்றால் பாலியோ நான்கு நாள் விழா. சியேனா 17 பேட்டைகளாகப் பிரிந்த ஊர். கொன்த்ராதா எனப்படும் இவற்றின் எல்லைகள் 1729இல் வரையறுக்கப்பட்டவை. கடந்த ஆண்டின் அதே மாதப் பந்தயத்தில் ஓடாத ஏழு பேட்டைகளும், சீட்டுக் குலுக்கலில் தேர்வாகும் மூன்று பேட்டைகளும் ஓடும். ஜூன் 29, ஆகஸ்ட் 13 ஆகிய நாள்களில் எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பார்கள். நல்ல குதிரை கிடைத்த பேட்டையின் ஆரவாரத்தையும், மெதுவான குதிரை வாய்த்த பேட்டையின் மௌனத்தையும் அதே சதுக்கத்தில் பார்க்கலாம். அதன்பின் காலையும் மாலையுமாக ஆறு ஒத்திகை ஓட்டங்கள் நடக்கும். ஒவ்வொரு பேட்டையும் தன் குதிரையின் பின்னால் பாடிக்கொண்டே சதுக்கத்துக்குள் வரும். சிறுவர் சிறுமியர் தங்கள் பேட்டையின் கழுத்துத் துணியை அணிந்து வரிசையாக அமர்ந்து எதிர்ப் பேட்டைக்குப் பதில் பாட்டுப் பாடுவார்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவில் தெருவிலேயே நீண்ட மேசைகளைப் போட்டுப் பேட்டை முழுவதும் சேர்ந்து உண்ணும். பந்தய நாளன்று பிற்பகலில் குதிரையைப் பேட்டையின் கோயிலுக்குள்ளேயே நடத்திச் சென்று ஆசி வழங்குவார்கள். இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காதவருக்கு அந்த ஒன்றரை நிமிடத்தில் ஊரே ஏன் அழுகிறது என்பது விளங்காது.

பந்தய நாளன்றே பார்த்தாக வேண்டும் என்றால், அதற்குரிய பாடுகளை அறிந்துகொண்டு போங்கள். பிற்பகலிலேயே நடுவில் போய் இடம் பிடிக்க வேண்டும். கோடை வெயிலில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, பந்தயம் முடியும்வரை வெளியேறுவதும் எளிதன்று. வரலாற்று ஊர்வலமே இரண்டு மணி நேரம் நீளும். நான்கு வெள்ளை எருதுகள் இழுக்கும் வண்டி அதன் இறுதியில் வரும். பிறகு ஒன்பது குதிரைகள் கயிறுகளுக்கு இடையே நிற்க, பத்தாவது குதிரை பின்னாலிருந்து ஓடி வரும் கணத்தில்தான் பந்தயம் தொடங்கும். அந்தப் பத்தாவது குதிரை வீரர் தமக்குச் சாதகமான தருணத்துக்குக் காத்திருப்பார். மற்ற வீரர்கள் அதற்குள் தங்களுக்குள் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சில ஆண்டுகளில் இந்தக் காத்திருப்பே ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது. இருட்டிவிட்டால் பந்தயம் மறுநாளுக்குப் போய்விடும். மழையால் பாதை நனைந்தாலும் அப்படித்தான். நகர மாளிகையின் சாளரத்தில் பச்சைக் கொடி தொங்கினால் அன்று ஓட்டம் இல்லை என்று பொருள். எனவே இரவுப் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறவர்கள், குதிரைகள் கயிற்றருகே நிற்கும்போதே பதற்றத்தோடு வெளியேற வழி தேடுகிறார்கள்.

முதியவர்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோரை நடுப்பகுதிக்கு நான் அழைத்துச் செல்வதில்லை. படிக்கட்டு இருக்கைகளும் சதுக்கத்தைப் பார்த்த வீட்டுச் சாளர இடங்களும் நூற்றுக்கணக்கான யூரோ விலையில் பல மாதங்களுக்கு முன்பே விற்றுவிடும். அவர்களுக்கு மாலை நேர ஒத்திகையே மிகப் பொருத்தமானது. அதே குதிரைகளையும் அதே பாட்டுகளையும் கூட்டத்தின் நெரிசல் குறைவாக இருக்கும்போது பார்க்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடைகளில் விற்கும் பேட்டைக் கழுத்துத் துணியை அழகுக்காக வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். அந்த ஊர்க் குழந்தைக்குப் பேட்டையின் நீரூற்றில் நடக்கும் சடங்கில் அணிவிக்கும் துணி அது. கோபுரப் பேட்டையின் சின்னத்தில் யானை இருப்பதால் நம்மவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். அதை அணிந்துகொண்டு அதன் நெடுங்காலப் பகையான வாத்துப் பேட்டையின் தெருவுக்குள் நடப்பது அங்குள்ளவர்களைப் புண்படுத்தும். மற்றொன்று குதிரைகளைப் பற்றியது. பந்தயப் பாதையின் சான் மார்த்தினோ வளைவு சரிவானது. சுவரில் மெத்தைகளைப் பொருத்தியும், தூய இனப் பந்தயக் குதிரைகளை விலக்கியும் ஆபத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்றாலும், வீழ்ச்சிகள் நிற்கவில்லை. விலங்குகள் அடிபடுவதைக் காணப் பொறுக்காதவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு வருகிறவர்கள், இதை முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

வெரோனாவில் கடைசி ரயிலை நம்புவது

வெரோனாவில் உள்ள ரோமானியர் கால வட்ட அரங்கில் 1913இல் இசையமைப்பாளர் வெர்தியின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி அவருடைய 'ஐதா' என்ற இசை நாடகம் அரங்கேறியதிலிருந்து கோடை ஓபரா விழா நடந்துவருகிறது. இருட்டிய பிறகே நிகழ்ச்சி தொடங்கும். இடைவேளைகளோடு நள்ளிரவைத் தாண்டும். வெனிசில் அறை எடுத்துவிட்டு வருகிறவர்கள் கடைசிக் காட்சியைப் பார்க்காமல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அன்றிரவு வெரோனாவிலேயே தங்குங்கள். மலிவான சீட்டுக்கு வெறும் கற்படிதான் கிடைக்கும் என்பதால் ஒரு சிறு மெத்தை அவசியம். நிகழ்ச்சி தொடங்கிய பின் மழையால் நின்றுவிட்டால் பணம் திரும்பி வராது.

பழைய நகருக்குள் கார்

சுவிட்சர்லாந்திலிருந்து காரில் வரும் நம்மவர்கள் கவனிக்கவும்: வாகனத் தடைப் பகுதியின் கேமரா வண்டி எண்ணைப் பதிவு செய்யும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

ஆகஸ்ட் 15

ஊர்க் கடைகள் பலவும் மூடியிருக்கும். வேண்டியதை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

பலேர்மோவில் வாணவேடிக்கையோடு கிளம்பிவிடுவது

சிசிலியின் பலேர்மோ நகரில் 1624இல் கொள்ளைநோய் பரவியபோது, பெல்லெக்ரினோ மலைக் குகையில் கண்டெடுத்த புனித ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றதால் நோய் நீங்கியது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. பலேர்மோவில் வாழும் ஈழத்தமிழர்கள், கத்தோலிக்கரும் சைவருமாக, அந்த மலைக்கு ஏறிப்போய் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். அங்கே போகும் நம் பயணிகளில் சிலர், பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகட்டு வாய்க்கால்கள் ஏந்திச் செல்லும் அந்தக் குகைக்குள், மண்டியிட்டிருக்கும் அக்காமாரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுகிறார்கள். அவர்கள் தமிழில்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். காதில் விழும் அந்த வேண்டுதல்கள் நமக்காகச் சொன்னவை அல்ல. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

ஊரின் பெருவிழாவில் ஜூலை 14 இரவு தேர் பழைய நகரின் நடுத்தெரு வழியே கடற்கரை நோக்கி வரும். நள்ளிரவில் வாணவேடிக்கை நடக்கும். அத்தோடு விழா முடிந்தது என்று மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். புனிதையின் எலும்புகள் உள்ள வெள்ளிப் பேழையை ஊர்வலமாக எடுத்து வருவது 15ஆம் தேதிதான். விமானச் சீட்டை 16ஆம் தேதிக்கு எடுங்கள்.