ஆப்பிள் காப்ளர், மேலே செடார் சீஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஓவன் வாங்கிக் கேக்கும் பிஸ்கட்டும் செய்து பார்த்தாயிற்று, அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காப்ளரைத்தான் சொல்வேன். அடியில் பழம், மேலே கரண்டியால் எடுத்து வைத்த மாவு, அவ்வளவுதான். முட்டை கிடையாது. மாவை மெல்லிசாகத் திரட்டிப் பாத்திரத்தில் பொருத்தி, ஓரத்தை நெளித்து மடிக்கும் வேலையும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போனவர்கள் ஓவனே இல்லாமல் இந்த மாதிரிப் பண்டங்களைச் சுட்டிருக்கிறார்கள். கனத்த இரும்புச் சட்டியில் பழத்தைக் கொட்டி, மேலே மாவை வைத்து, மூடி போட்டு, மூடியின் மேலும் தணலைப் பரப்பிவிடுவார்கள். காப்ளர் மேடும் பள்ளமுமாகத்தான் வரும், அப்படித்தான் வரவும் வேண்டும்.

இனிப்புப் பழத்துக்கு மேல் உப்புச் சீஸா என்று தயங்க வேண்டாம். ஆப்பிளும் சீஸும் பழைய ஜோடி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் ஆப்பிள் பையோடு (pie, மெல்லிசாகத் திரட்டிய மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் பண்டம்) வென்ஸ்லிடேல் சீஸ் வைப்பார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் அந்த இடம் செடாருக்கு. அங்கே வெர்மான்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பண்டமாக அறிவித்தபோது, அதைப் பரிமாறுகிறவர்கள் கூடவே ஒரு கிளாஸ் குளிர்ந்த பாலோ, அரை அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 14 கிராமுக்குக் குறையாத செடார் துண்டோ, பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ வைக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நாம் இன்று அந்தச் சீஸை ஓரமாக வைக்காமல் மாவுக்குள்ளேயே சேர்க்கப் போகிறோம்.

சீஸ் இங்கே வெறும் அலங்காரம் இல்லை. புளிப்பும் இனிப்புமான சாறு அடியில் கொதிக்கும்போது, மேலே உப்பும் கொழுப்பும் காரசாரமான மிளகு வாசனையும் இருந்தால்தான் இரண்டாவது கரண்டிக்கும் திகட்டாது. அதனால் பழமும் சீஸும் எது என்பதில்தான் முழு ருசியும் இருக்கிறது. மற்றதெல்லாம் மாவு வேலை.

ஆப்பிளும் சீஸும்

பச்சை நிற கிரானி ஸ்மித் ஆப்பிள் எடுங்கள். 1860களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மாளின் தோட்டத்தில் முளைத்த வகை அது, பெயரும் அவருடையதே. புளிப்பு நன்றாக இருக்கும், வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மெக்கின்டாஷ் மாதிரியான மென்மையான ஆப்பிள்கள் கூழாகிவிடும். பச்சை ஆப்பிள் விலை அதிகமாக இருந்தால் பாதிக்குப் பாதி கெட்டியான சிவப்பு ஆப்பிள் கலக்கலாம். அப்போது சர்க்கரையை 20 கிராம் குறைத்து, எலுமிச்சைச் சாற்றை இரண்டு மடங்காக்குங்கள். தொட்டால் மாவாக இருக்கும் பழைய ஆப்பிள் மட்டும் வேண்டாம்.

சீஸில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பாக்கெட்டில் 'ஷார்ப்' அல்லது 'மெச்சூர்' என்று போட்ட, பல மாதம் பக்குவப்படுத்திய செடார் வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் இளம் செடாரின் ருசியே தெரியாது. ஒரு துண்டை வாயில் போட்டால் நாக்கின் ஓரம் லேசாகச் சுருக்கென்று இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஆரஞ்சு நிறம் அனட்டோ என்ற விதையின் சாயம்தான், வெர்மான்ட் செடார் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும். சாண்ட்விச்சுக்கு வாங்கும் ப்ராசஸ்டு சீஸ் இதற்குச் சரிவராது. அது உருகி மாவோடு வழவழவென்று கலந்துவிடும், மொறுமொறுப்பு வராது. துருவியே விற்கும் சீஸையும் தவிருங்கள். ஒட்டாமல் இருக்க அதன்மேல் மாவுத்தூள் தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி, துருவியின் பெரிய துளையில் துருவுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செடார் செய்யப் பாலைத் திரிய வைக்கும் ரென்னட் என்ற நொதி சில தயாரிப்புகளில் கன்றின் இரைப்பையிலிருந்து வருவது. இந்தியாவில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் மைக்ரோபியல் அல்லது வெஜிடேரியன் ரென்னட் என்று எழுதியதாகத் தேடி வாங்குங்கள்.

தேவையானவை (20 செ.மீ. சதுரக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், 6 பேருக்கு)

பழக்கலவைக்கு:
- ஆப்பிள் – 1 கிலோ
- சர்க்கரை – 100 கிராம்
- கார்ன்ஃப்ளோர் – ஒன்றரை மேசைக்கரண்டி
- எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
- பட்டைத்தூள் – முக்கால் டீஸ்பூன்
- வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
- உப்பு – ஒரு சிட்டிகை

மேல்மாவுக்கு:
- மைதா – 190 கிராம்
- பேக்கிங் பவுடர் – 2 டீஸ்பூன்
- ஆப்ப சோடா – கால் டீஸ்பூன்
- உப்பு – கால் டீஸ்பூன்
- சர்க்கரை – 1 டீஸ்பூன்
- கொரகொரப்பாகப் பொடித்த மிளகு – அரை டீஸ்பூன்
- உப்பில்லாத வெண்ணெய் – 85 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது
- துருவிய செடார் – 120 கிராம்
- கெட்டி மோர் – 150 மில்லி

இந்தக் கெட்டி மோர் நம் வீட்டு நீர்மோர் அல்ல. அமெரிக்கக் கடைகளில் பட்டர்மில்க் என்று விற்பது கரண்டியில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியானது. புளித்த தயிர் மூன்று பங்கு, பால் ஒரு பங்கு சேர்த்து அடித்தால் அதே பதம் வந்துவிடும். அடித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தயிர் கட்டாயம் புளித்திருக்க வேண்டும், ஆப்ப சோடா வேலை செய்ய அந்தப் புளிப்புதான் தேவை. பேக்கிங் பவுடர் பழையதோ என்று சந்தேகம் இருந்தால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று பொங்கினால் நல்லது. இல்லையென்றால் புதிது வாங்கிய பிறகு செய்யலாம்.

1. பழத்தை முதலில் வேகவைப்பது

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றுங்கள். ஓடிஜி என்றால் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் ஓவன் என்றால் 180 போதும்.

ஆப்பிளைத் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, ஒரு செ.மீ. தடிமனில் நறுக்குங்கள். எல்லாம் ஒரே தடிமனாக இருப்பதுதான் முக்கியம், வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. சர்க்கரை, கார்ன்ஃப்ளோர், பட்டைத்தூள், உப்பு நான்கையும் தனியாகக் கலந்துவிட்டு அப்புறம் ஆப்பிளில் கொட்டிப் புரட்டுங்கள். கார்ன்ஃப்ளோரை நேராகப் பழத்தில் போட்டால் கட்டி தட்டும். எலுமிச்சைச் சாறு விட்டு, பாத்திரத்தில் பரப்பி, வெண்ணெயைக் கிள்ளி மேலே போடுங்கள். அலுமினியத் தட்டில் நேரடியாகப் பழத்தை வைக்காதீர்கள், புளிப்பு அதை அரித்து உலோக வாசனை வரும்.

பாத்திரத்தை அலுமினியத் தாளால் இறுக்க மூடி, நடுத்தட்டில் 20 நிமிடம் வையுங்கள். மூடிக்கு இந்தத் தாள் சரிதான், பழத்தில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறைய பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பச்சைப் பழத்தின் மேலேயே மாவை வைத்து ஓவனில் தள்ளினால், மேலே பொன்னிறமாகும் நேரத்தில் அடியில் மாவு ஈரமாக, வெள்ளையாக, பசைபோல நிற்கும். பழம் சூடாகவே 15, 20 நிமிடம் ஆகும், அதுவரை மாவுக்கு மேலிருந்துதான் சூடு. கொதிக்கும் பழத்தின் மேல் மாவு விழுந்தால் தொட்ட நொடியிலேயே அடிப்பக்கம் வேகத் தொடங்கிவிடும். பழம் எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. மாவு எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் காப்ளர் கெட்டுப்போக வழியே இல்லை.

2. மேல்மாவு

பழம் ஓவனில் இருக்கும்போதே மாவு வேலையைத் தொடங்கலாம். மைதா, பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு, சர்க்கரை, மிளகு எல்லாவற்றையும் சலித்தோ கரண்டியால் கிளறியோ கலந்துகொள்ளுங்கள். வெண்ணெயைச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் மாவோடு தேய்த்து விடுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டிலேயே வெண்ணெய் உருகிவிடும். புட்டு மாவைப் போல, பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும். அதில் அங்கங்கே பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகள் தெரிவது நல்லதுதான். ஓவனில் அந்தத் துண்டுகளில் இருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும், அந்த இடம் பொரபொரப்பான அடுக்காகும்.

இப்போது செடாரில் 90 கிராமைச் சேர்த்து லேசாகக் கிளறுங்கள். மீதி 30 கிராமைத் தனியாக வையுங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால்தான் மாவில் உப்பைக் குறைத்தோம். உப்புள்ள வெண்ணெய் என்றால் மாவுக்கு உப்பே வேண்டாம்.

பழத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது மோரை விடுங்கள். முள்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இங்கே நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் பிசையப் பிசைய மைதாவின் பசைத்தன்மை இறுகி, மேல்மாவு ரப்பராகிவிடும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குச் சேர்ந்தால் போதும். கரண்டியைக் கவிழ்த்தால் மாவு உடனே விழாமல், ஒரு நொடி தயங்கி விழும். அதுதான் பதம். விழவே இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி மோர் கூட விடலாம்.

3. வைத்துச் சுடுவது

பாத்திரத்தை வெளியே எடுத்துத் தாளைப் பிரியுங்கள். ஆவி முகத்தில் அடிக்கும், கவனம். ஒருமுறை கிளறிவிட்டு, மாவை ஒன்பது குவியலாக வையுங்கள். குவியல்களுக்கு நடுவில் ஒரு விரல் அளவாவது இடைவெளி இருக்கட்டும். ஆவி வெளியேற வழி வேண்டும், மாவும் உப்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரண்டியால் தட்டிச் சமப்படுத்தாதீர்கள். எழும்பி நிற்கும் முனைகள்தான் முதலில் சிவந்து மொறுமொறுவென்று ஆகும்.

மூடாமல் ஓவனில் வையுங்கள். கீழ்த்தட்டில் பழைய தட்டு ஒன்றை வைத்தால், வழியும் சாறு ஓவன் அடியில் தீயாது. 18 நிமிடம் கழித்து மீதிச் செடாரைக் குவியல்களின் மேல் தூவி, இன்னும் 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். ஆரம்பத்திலேயே தூவினால் மாவு வேகுமுன் சீஸ் கருகிக் கசந்துவிடும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை மட்டும் நம்பாமல் இரண்டு இடத்தில் பாருங்கள். நடுவில் இருக்கும் குவியலில் பல்குச்சியைக் குத்தினால் ஈரமாவு ஒட்டக் கூடாது. உருகிய சீஸ் ஒட்டினால் பரவாயில்லை. அடுத்தது ஓரத்துச் சாறு. நுரை நுரையாக வேகமாகக் கொதித்தால் அது இன்னும் தண்ணீர்தான். பளபளப்பாக, மெதுவாக, கொப்புளம் கொப்புளமாக எழுந்து உடைந்தால் கார்ன்ஃப்ளோர் வெந்து சாறு கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். மேலே சிவந்தும் சாறு தயாராகவில்லையென்றால், தாளை மேலாகப் போட்டு மூடி இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். 20 முதல் 30 நிமிடம் ஆற விட்டால்தான் சாறு பழத்தைப் பிடித்து நிற்கும். சூட்டோடு எடுத்தால் தட்டில் ஓடும், நாக்கும் சுடும். வெதுவெதுப்பாக அப்படியே சாப்பிடுவதுதான் எனக்குப் பிடிக்கும். இனிப்பு அதிகம் வேண்டுகிறவர்கள் ஐஸ்கிரீம் வைத்துக்கொள்ளலாம்.

வேறு பழம் என்றால்

அன்னாசியும் செடாரும் அருமையாகச் சேரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஈஸ்டர் விருந்துக்கு அன்னாசி, செடார், நொறுக்கிய உப்பு பிஸ்கட் மூன்றையும் சேர்த்துச் சுட்டு வைக்கும் வழக்கம் உண்டு. இந்த அளவுக்குச் சுத்தம் செய்த அன்னாசி 800 கிராம், சர்க்கரை 60 கிராம், கார்ன்ஃப்ளோர் 2 மேசைக்கரண்டி, பட்டைக்குப் பதில் இன்னும் கொஞ்சம் மிளகு. பழத்தை முதலில் 20 நிமிடம் வேகவைப்பது இங்கே இன்னும் அவசியம். பச்சை அன்னாசியில் பாலின் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, கொதித்தால்தான் அது அடங்கும். பேரிக்காய் போடுவதாக இருந்தால் கெட்டியான காயாகப் பார்த்து, எலுமிச்சையை இரண்டு மடங்காக்குங்கள்.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சூடாக்க ஓவனில் 175 டிகிரியில் 15 நிமிடம் போதும். மைக்ரோவேவில் வைத்தால் சீஸின் மொறுமொறுப்பு போய் மேல்மாவு தொய்ந்துவிடும்.