நாயோடு ஒரு நாள் வெளியே: ஏரிக்கரையில் தொடங்கி கப்பன் பார்க் வரை

கிருஷ்ணகிரியில் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பெங்களூர்ல நாய்ங்களுக்குன்னே பூங்கா இருக்காமே, கூட்டிட்டுப் போலாமா?" தாராளமாகப் போகலாம். அது கப்பன் பார்க்குக்குள் இருக்கிறது, நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டு வாசலையும் தெருமுனையையும் தவிர எதையும் பார்த்திராத நாயை ஒரே நாளில் காரில் ஏற்றி நகரத்தின் நடுவில் இறக்கிவிட்டால் அது பயந்து நடுங்கும், நீங்களும் நொந்து திரும்புவீர்கள். எங்கள் செவலையை அங்கே கூட்டிப் போய்ச் சேர எனக்கு நான்கு மாதம் ஆனது. அவள் நாட்டு நாய், நான்கு வயது. அந்த நான்கு மாதத்தில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஊசி

ரேபிஸ் தடுப்பூசி போடாத நாயை வெளியே கூட்டிப் போகாதீர்கள். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்தடுத்த ஊசிகள். குட்டிகளுக்கான மற்ற தடுப்பூசிகளும் முழுதாக முடியும் வரை பல நாய்கள் வந்துபோகும் இடம் வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி அட்டையைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பட்டையும் கயிறும்

கழுத்துப்பட்டையை விட மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை நல்லது. நாய் திடீரென்று இழுத்தாலும் தொண்டை நெரியாது. முதல் நாள் அதைத் தரையில் போட்டு மோந்து பார்க்க மட்டும் விடுங்கள். இரண்டாம் நாள் மாட்டிவிட்டு உடனே சோறு வையுங்கள். ஒரு வாரத்தில் பட்டையை எடுத்தாலே வால் ஆடும். கயிறு ஆறடி போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு சாலையில் ஆபத்து. பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதித் தொங்கவிட மறக்காதீர்கள்.

படி 3: ஏரிக்கரை

இந்தப் படியில் அவசரம் காட்டாதீர்கள். நாய்க்கு ஊர் சுற்றுவது என்றால் மோந்து பார்ப்பதுதான். நாம் அவதானப்பட்டி ஏரியைக் கண்ணால் பார்க்கிறோம். நேற்று யார் வந்தார், எந்த ஆடு மேய்ந்தது, எந்த நாய் எங்கே கால் தூக்கியது என்று அது மூக்காலே படிக்கிறது. ஒரு வேலிக்காலின் கீழே செவலை நான்கு நிமிடம் நின்றிருக்கிறாள். கயிற்றை இழுக்காமல் நானும் கூடவே நின்றேன். அப்படி அரை மணி நேரம் மோந்துவிட்டு வந்தால், ஒரு மணி நேரம் ஓடவிட்டதை விட நன்றாகத் தூங்குகிறாள்.

நேரம் முக்கியம். காலை ஆறு முதல் எட்டு வரை, இல்லையென்றால் நன்றாக இருட்டிய பிறகு. நம் பக்கம் எங்கே பார்த்தாலும் கருங்கல் பாறை. வெயில் இறங்கிய பிறகும் பாறை சூட்டை விடாது. ஒருநாள் மாலை ஐந்தரைக்கு மலையடிவாரத்தில் ஒரு பாறைமேல் ஏறினோம். செவலை முன்னங்காலைத் தூக்கினாள், இறக்கினாள், அடுத்த காலைத் தூக்கினாள். விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டே கீழே இறங்கினேன். அன்றிலிருந்து தாரோ பாறையோ, புறங்கையை வைத்து ஏழு எண்ணுவேன். எடுக்கத் தோன்றினால் அங்கே நடப்பதில்லை.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூக்கு சப்பையான பக் மாதிரி நாய் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம், மாங்கொட்டை. சீசனில் தோப்போரம் முழுக்கக் கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு செவலை ஒன்றை விழுங்கிவிட்டாள். நான் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. குடலில் அடைத்துக்கொண்டு, வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். கிருஷ்ணகிரி அணைப்பக்கம் போனால் இதே கதை மீன் முள்ளில். வறுத்த மீன் கடைகளைச் சுற்றி எங்கும் முள் சிதறிக் கிடக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. "விடு" என்றால் வாயில் இருப்பதைப் போடும் பழக்கத்தை இந்தப் படியிலேயே சொல்லிக்கொடுங்கள். வாயில் இருப்பதை விட நல்லதாக ஒன்றைக் காட்டினால் போட்டுவிடும். எங்கள் வீட்டில் அது வேகவைத்த ஈரல்.

தெரு நாய்கள் எதிரே வந்தால் ஓடாதீர்கள், கல்லும் எடுக்காதீர்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி வளைந்து விலகிப் போங்கள். உங்களையே எந்த நாயாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள்.

படி 4: கார்

செவலை முதல் நாள் காரின் கதவை மோந்துவிட்டுப் பின்வாங்கி, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் நிற்கும் காருக்குள் சோறு வைத்தேன். நான்காம் நாள் இன்ஜினை மட்டும் ஓடவிட்டேன். அதன்பிறகு காவேரிப்பட்டணம் வரை, அடுத்து சூளகிரி வரை, அப்புறம்தான் ஓசூர். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி பெரும்பாலும் வராது. பின் இருக்கையில் அதன் பழைய போர்வையை விரித்து, மார்புப்பட்டையை சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட விடாதீர்கள்.

மூடிய காரில் நாயை ஐந்து நிமிடம்கூட விடவேண்டாம். வெளியே இதமான 24 டிகிரி இருக்கும்போதே உள்ளே பத்து நிமிடத்தில் 34 ஆகிவிடும், அரை மணி நேரத்தில் 43ஐத் தொடும். டீ குடிக்க இறங்கினால் ஒருவர் நாயோடு இருங்கள்.

ஓசூர் வரை பழகும் நாட்களில் கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் இறக்கிவிட ஆசை வரும். தென்பெண்ணையில் அங்கே ரசாயன நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், வேண்டாம். ஒகேனக்கல் ஆற்றிலும் இறக்காதீர்கள், காவிரியில் முதலை உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பக்கம் நாயே வேண்டாம். யானை நடமாடும் இடம். நம் நாயின் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும்.

படி 5: நகரம்

ஞாயிறு காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கப்பன் பார்க்கில் இருக்கலாம். 1870இல் உருவான பூங்கா, ஏறத்தாழ 300 ஏக்கர். ஞாயிறு அன்று உள்ளே வண்டி விடுவதில்லை என்பதால் நாய்க்குப் பயம் பாதி குறையும். கயிறு கையிலேயே இருக்கவேண்டும். மலத்தை அள்ள இரண்டு மூன்று பை, அதன் சொந்தக் கிண்ணம், இரண்டு லிட்டர் வீட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அள்ளாமல் விட்டால் அடுத்து வரும் நாய்க்காரர்களுக்குத்தான் கதவு மூடும்.

வேலி போட்ட நாய்ப் பூங்காவுக்கு நேரே போகாதீர்கள். முதலில் மூங்கில் புதர்களின் பக்கம் அரை மணி நேரம் மோந்து திரியட்டும். பிறகு வேலிக்கு வெளியே நடங்கள். உள்ளே இருக்கும் நாய்களைப் பார்த்து வால் தளர்வாக ஆடினால் கூட்டம் குறைவாக இருக்கும்போது உள்ளே போகலாம். வால் கால்களுக்கு நடுவே போனாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ அதற்குப் பிடிக்கவில்லை. செவலை முதல் இரண்டு தடவையும் உள்ளே போகவே இல்லை. வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள், அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

குழந்தைகள் ஓடிவந்து "கச்சுத்தா?" என்று கன்னடத்தில் கேட்பார்கள். கடிக்குமா என்று அர்த்தம். கடிக்காத நாயாகவே இருந்தாலும் தலைமேல் கைவைக்க விடாதீர்கள். குழந்தை கையை நீட்டட்டும், நாய் தானாக வந்து மோக்கட்டும், பிறகு மார்பில் தடவலாம்.

ஒன்பதரைக்குத் திரும்பிவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று நாய் நினைக்கும்போதே கிளம்பினால் அடுத்த தடவை காரில் தானாக ஏறும்.

படி 6: வீடு திரும்பியதும்

காதுக்குள், விரல் இடுக்கில், பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோ சோர்வோ தெரிந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, தண்ணீர் வைத்து, படுக்க விடுங்கள். சோற்றுக்கு அவசரம் இல்லை.

முதல் தடவை போய்வந்த அன்று செவலை மாலை வரை எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும் வாசலுக்குப் போய், காரின் பின்கதவை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.