குறி பழக டெம்ப்ளேட் வைத்தும் பந்து விழவில்லையா?

பூல், ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் குறி பழக வாங்கும் சாமான்களில் மலிவானதும் உருப்படியானதும் கோஸ்ட் பால் டெம்ப்ளேட்தான். மெல்லிய தாளில் இரண்டு புள்ளிகள், அவ்வளவே. ஒன்றின் மேல் பாட் பண்ண (பாக்கெட் என்கிற குழியில் விழவைக்க) வேண்டிய பந்தை வைத்து, இரண்டு புள்ளிகளும் பாக்கெட்டோடு ஒரே கோட்டில் வரும்படி தாளைத் திருப்பினால், பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மற்ற புள்ளி, மோதும் நேரத்தில் வெள்ளைப் பந்தின் நடு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும். ஸ்கேலும் கத்தரியும் இருந்தால் வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டே தப்பாகப் பழகுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் அளவு. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. புள்ளிகளின் இடைவெளியும் அதே அளவு இருக்க வேண்டும். பார்லரில் இரண்டு மேஜையும் இருக்கிறதே என்று பூல் டெம்ப்ளேட்டை ஸ்னூக்கர் மேஜையில் போட்டால், 30 டிகிரி கட் (பந்தை நேராக இல்லாமல் கோணத்தில் அனுப்பும் அடி) கிட்டத்தட்ட 33 டிகிரியாகிவிடும், அதாவது பந்து தின்னாக, வேண்டியதை விட ஓரமாகப் படும். இதில் வேடிக்கை என்னவென்றால், மெதுவாக அடிக்கும்போது பந்து விழவும் செய்யும், அதனால் தாள் தப்பு என்றே தெரியாது.

ஏன் விழுகிறது? இரண்டு பந்தும் உரசும்போது வெள்ளைப் பந்து மற்றதைத் தன் போக்கில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். த்ரோ என்பது இதைத்தான். டெம்ப்ளேட் வெறும் கணக்கு, உராய்வு அதற்குத் தெரியாது. அரைப்பந்து கட்டை (வெள்ளைப் பந்து மற்றதன் பாதியில் படும் கட்) ஸ்டன்னாக, அதாவது மோதும்போது வெள்ளைப் பந்து முன்னும் பின்னும் சுழலாமல் சறுக்கி வரும்படி, மெதுவாக அடித்தால் பந்து சில டிகிரி திக்காக, அதாவது கோணம் குறைந்து போகும். 3 டிகிரி என்றாலே ஒரு மீட்டர் தூரத்தில் 5 செ.மீ. தள்ளிவிடும், ஸ்னூக்கர் பாக்கெட்டில் அது மிஸ்தான். பந்துகள் அழுக்காக இருந்தால் இன்னும் மோசம். சரியான அளவுத் தாளிலும் மெதுவான கட் எல்லாம் திக்காகவே போகிறதென்றால் உங்கள் கண்ணைச் சந்தேகப்படாதீர்கள், புள்ளியை விட ஒரு மயிரிழை தின்னாகப் பாருங்கள், அல்லது கொஞ்சம் வேகத்தைக் கூட்டி அதே கட்டை அடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பழகும்போது சைடு (வெள்ளைப் பந்தின் பக்கத்தில் அடித்துச் சுழல வைப்பது) வேண்டவே வேண்டாம், அது வந்தால் எது எதனால் தப்பியது என்று பிரிக்க முடியாது.

பந்தும் பந்தும் தொடும் இடத்தைப் பார்த்து அடிப்பது இன்னொரு பழக்கம். வெள்ளைப் பந்தின் நடுவை அங்கே அனுப்பினால் கட் எப்போதும் திக்காகத்தான் படும், ஏனென்றால் நடு அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பந்தின் பக்கவாட்டு மோதிவிடும். பார்க்க வேண்டியது தாளின் இரண்டாவது புள்ளி. அதையும் நின்றபடியே பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் குனிய வேண்டும். குனிந்த பிறகு புள்ளியைத் தேடி உடம்பை நகர்த்துகிறவர்களுக்கு முதலில் எடுத்த கோடு போய்விடும், அப்புறம் முழங்கை அதைச் சரிசெய்யப் பார்க்கும்.

தாள் தடிமனாக இருந்தால் வெள்ளைப் பந்து அதன் விளிம்பில் ஏறித் துள்ளும், அட்டையில் வெட்டாதீர்கள்.

ஒரே இடத்தில் ஒரே கட்டை மணிக்கணக்கில் அடிப்பதிலும் பயனில்லை, கண் அந்த ஒரு படத்தைத்தான் பழகும். தாளோடு சில அடி, அதே பந்தை அதே இடத்தில் வைத்துத் தாள் இல்லாமல் சில அடி, பிறகு கோணத்தை மாற்றுங்கள். போட்டியில் எப்படியும் இதை மேஜையில் வைக்க விடமாட்டார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பந்து ஒரு தடவை திக், ஒரு தடவை தின் என்று போனால் கோளாறு குறியில் இல்லை, ஸ்ட்ரோக்கில். கியூவில் (அடிக்கும் கோலில்) மாட்டும் லேசரும் இங்கே உதவாது, அடிப்பதற்கு முன் கியூ எங்கே பார்க்கிறது என்று அது காட்டும், அடிக்கும் நொடியில் கை வளைவதைத் தடுக்காது. ஸ்னூக்கர் மேஜையில் பிரவுன் புள்ளியில் (பிரவுன் பந்து இருக்கும் இடத்தில்) வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக எதிர் குஷனுக்கு (மேஜையின் ரப்பர் விளிம்புக்கு) அடித்து, கியூவை அப்படியே வைத்திருங்கள். பந்து திரும்பி வந்து டிப்பை, அதாவது கியூவின் நுனியைத் தொட வேண்டும். வலப்பக்கம் விலகி வந்தால் பெரும்பாலும் பந்தின் வலப்பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள், இடப்பக்கம் என்றால் இடம். அது நேராக வரும்வரை டெம்ப்ளேட் பையிலேயே இருக்கட்டும்.