70 டிகிரி: பிராசசருக்குச் சாதாரணம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஆபத்து

மடிக்கணினிக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களையும் ஒரே வெப்ப அளவை வைத்து எடைபோடுவதுதான் பரவலான தவறு. அண்மைக்கால இன்டெல், ஏஎம்டி மடிக்கணினிப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. அதை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஆகவே வீடியோ எடிட்டிங்கின்போது 85 காட்டினால் பதற வேண்டியதில்லை. எந்த வேலையும் ஓடாதபோதே 75 காட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் கதை வேறு. அதற்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 60 டிகிரியையே மேல் எல்லையாகக் குறிக்கிறார்கள். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் பல இன்றும் வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் டிஸ்க்கின் வெப்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 50ஐத் தாண்டினால் பெரிய கோப்புகளை நகலெடுப்பதை நிறுத்துவது நல்லது. அதற்காக மிகவும் குளிர வைக்கவும் தேவையில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், குறைந்த வெப்பத்தில் ஓடியவை அதனாலேயே நீண்ட நாள் உழைத்ததாகத் தெரியவில்லை.

மடிக்கணினிகள் பலவற்றுக்கு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதிக்கும் நிபந்தனை. கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கீழக்கரைக் கடைக்குள் மதியம் இரண்டு மணிக்கு அந்த நிபந்தனை எப்படி நிற்கும்? மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேட் அந்தச் சூடான காற்றைத்தான் உள்ளே தள்ளும். அறையைவிடக் குளிர்ச்சியை அதனால் தர முடியாது. கனமான வேலைகளை விடியற்காலைக்கு மாற்றுவதே அதைவிடப் பயன் தரும்.

பாம்பன், மண்டபம் போல இருபுறமும் கடல் சூழ்ந்த ஊர்களில் தூசியும் வெறும் தூசியாக இருப்பதில்லை. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில் அது பழுப்பு நிறக் கம்பளித் துண்டைப் போலப் படிந்துவிடும். பிராசசரின் சூட்டை அந்தத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் செப்புக் குழாயில் பச்சை பூத்திருப்பதையும் காணலாம். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இந்தப் படிவு இன்னும் உள்ளே நகரும், ஃபேனும் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். பின்மூடியைக் கழற்றி, ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் படிவை எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல், பிராசசரின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசும் தெர்மல் பேஸ்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஏசி அறையில் குளிர்ந்த கணினியைக் கடற்காற்றில் உடனே திறப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். சூட்டைத் தணிக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் இதே ஆபத்தைத்தான் தேடிக்கொள்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் முற்றிலும் அடைத்த பெட்டியன்று; பெரும்பாலானவற்றில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த வடிகட்டி வைத்த சிறு துளை உண்டு; ஈரக் காற்று அதன் வழியே உள்ளே போகலாம். எனவே ஏசி அறையிலிருந்து கிளம்புமுன் கணினியை முழுவதும் அணைத்துப் பைக்குள் மூடி வைத்து, வெளியே வந்த பின் ஒரு மணி நேரமாவது பையைத் திறக்காமல் இருக்க வேண்டும்.