பழைய இத்தாலிய கார் பார்க்கப் போகிறீர்களா? காந்தத்தோடு போங்கள்

இன்ஜின் சத்தத்தில் மயங்கிவிடாதீர்கள். அதைப் பிரித்துச் சரிசெய்யலாம், அரித்துப்போன பாடியைச் சரிசெய்வதுதான் பணத்தை விழுங்கும். 1972-இல் வந்த லான்சியா பீட்டாவில் இன்ஜினைத் தாங்கும் முன்சட்டமே துருவேறியதால், 1980-இல் பிரிட்டனில் பல கார்களை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தின் ஆல்ஃபாசுட் காரின் கதையும் துருக்கதைதான்.

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சக்கர வளைவிலும் கதவுகளின் அடிவிளிம்பிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே இருப்பது ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி, தகடு அல்ல. உள்ளே கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள்; ஈரமிருந்தால் கண்ணாடி ரப்பர் வழியாகவோ ஹீட்டர் பக்கமிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. காரின் அடியில் புதுசாகப் பளபளக்கும் கறுப்புப் பூச்சைக் கண்டால், துருவை மறைக்கத்தான் பூசினார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வாங்கிவிட்டீர்களா? கதவடியிலும் அதன் கீழேயுள்ள பெட்டிச் சட்டத்திலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். இலை, சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வரும். வெயில் காய்ந்த நாளாகப் பார்த்து, உட்குழிகளில் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். அடித்தபின் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊர் என்றால், வண்டியின் அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஈரக் காரைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவைப்பதைவிட, காற்றாட வெளியே விடுவதே மேல்.