குகை மனிதன் இடப்பக்கம் மட்டும் ஏன் அடிக்கவில்லை?

எங்கள் ஊர் ரோஸ் ஹில்லில் மழை விடாத வாரம். மருமகனுக்குக் காட்டலாமென்று 1993இல் வந்த பிரெஞ்சு விளையாட்டு 'பிரீஹிஸ்டாரிக் 2'ஐ, பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் ஓட்டினேன். அதில் வரும் குகை மனிதன் தடியால் அடித்தால் தின்பண்டம் கொட்டும், ஒரே சிரிப்பு. ஆனால் இடப்பக்கம் தாவியபடி அடித்தால் மட்டும் தடி அசையவில்லை. வலப்பக்கம் சரியாக இருந்தது.

வேகம்தான் காரணமென்று கண்ட்ரோல் எஃப்11ஐ அழுத்தி சைக்கிளை, அதாவது டாஸ்பாக்ஸ் ஓடும் வேகத்தை, குறைத்தேன். ஆள் ஆமையானான், அவ்வளவுதான். டாஸ்பாக்ஸை அழித்து மறுபடி நிறுவினேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன் (பிஸ்கட் தூள்தான் வந்தது). மூன்று நாள் போச்சு.

நாலாம் நாள், நோட்பேடில் தாவும் மேல் அம்பு, இடது அம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டு, அடிக்கும் விசையான ஸ்பேஸைத் தட்டினேன். இடைவெளியே விழவில்லை! வலது அம்போடு விழுந்தது. அப்போ விளையாட்டின் மேல் குற்றமில்லை. மலிவு விசைப்பலகைகளில் விசைகள் கம்பிகளைப் பங்கிட்டுக்கொள்வதால், சில மூன்று விசைக் கூட்டணிகள் கணினிக்கே போய்ச் சேராது. கண்ட்ரோல், ஷிஃப்ட் பெரும்பாலும் தனிக் கம்பியில் இருக்கும்.

அதனால் அடிக்கும் வேலையைக் கண்ட்ரோலுக்கும் கொடுத்தேன். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் எஃப்1 அழுத்தினால், எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்று மாற்றும் திரையான மேப்பர் திறக்கும். அதில் ஸ்பேஸைத் தேர்ந்து, 'ஆட்' சொடுக்கி, இடது கண்ட்ரோலை அழுத்தி, 'சேவ்' கொடுத்தேன். இப்போது இரண்டு பக்கமும் அடி விழுகிறது. மருமகன் என்னைவிட இரண்டு கட்டம் முன்னால் போய்விட்டான்.