டேவிஸ் வளாகத்துக்குச் சைக்கிளா, லாங்போர்டா?

நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் போடும் வண்டி. கலிபோர்னியாவின் டேவிஸில் ‘பைக்கில் வந்துவிடு’ என்று யாராவது சொன்னால் அது சைக்கிள். 1967இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையோரம் சைக்கிள் தடம் போட்ட ஊர் அது. மேடு பள்ளம் அனேகமாகக் கிடையாது. அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்கு மேற்படிப்புக்காகப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் வாங்கினால் பெரும்பாலும் நஷ்டமில்லை. லாங்போர்டு எனும் நீளமான ஸ்கேட்போர்டு வாங்கத்தான் காரணம் வேண்டும். அப்படிப்பட்ட காரணங்களும் சில உண்டு.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து வளாக வாசல் வரை அளந்தால் போதாது. வீட்டுக் கதவிலிருந்து வகுப்பறைக் கதவு வரை அளக்க வேண்டும். ஓரளவு பழகியவர் லாங்போர்டில் மணிக்கு 11 கி.மீ. போவார். சைக்கிளில் நிதானமாக மிதித்தாலே 16 கி.மீ. ஆனால் சைக்கிளுக்கு இடம் தேடி, பூட்டி, திரும்ப வந்து திறக்க மொத்தம் மூன்று நிமிடம் பிடிக்கும். அரை கி.மீ. தூரத்துக்குப் போர்டில் மூன்று நிமிடம், சைக்கிளில் பூட்டுகிற நேரத்தோடு ஐந்து. மூன்று கி.மீ. என்றால் போர்டில் பதினாறு, சைக்கிளில் பதினான்கு; போர்டில் போனவர் சட்டையும் நனைந்திருக்கும். ஒன்றே முக்கால் கி.மீ. பக்கத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் சைக்கிள்தான்.

அடுத்தது தரை. போகும் வழியை ஒருமுறை குனிந்த தலையோடு நடந்து பாருங்கள். சைக்கிள் கவலைப்படாமல் ஏறிப்போகும் சின்னக் கருங்கல் சில்லு, லாங்போர்டின் 70 மி.மீ. சக்கரத்தை அப்படியே நிறுத்திவிடும். போர்டு நிற்கும், ஆள் நிற்கமாட்டார். சிமெண்டுப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி, கூழாங்கல் பதித்த நடைபாதை, மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் காய்ந்த விதைகள் என வழியில் இவற்றில் ஏதாவது நூறு மீட்டருக்கு ஒருமுறை வந்தால் போர்டை மறந்துவிடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஈரத்தில் யூரித்தேன் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், பலகையின் அடுக்குகள் ஊறிப் பிரியும். மழையில் சைக்கிளுக்கு இரண்டு மட்கார்டு போதும். அங்கே விற்கும் சைக்கிள்கள் பலவற்றில் மட்கார்டு இருக்காது; தனியாக வாங்கி மாட்டாவிட்டால் முதுகில் நேராகச் சேற்றுக் கோடு விழும்.

மேட்டுப் பாங்கான வளாகம் என்றால் கணக்கே வேறு. பெர்க்லியில் வளாகமே மேற்கு நோக்கிச் சரிந்து கிடக்கிறது. சாண்டா குரூஸ் மலைமேல் இருக்கிறது. அங்கெல்லாம் ஏறும்போது போர்டு கையில் தூக்கிப்போகும் சுமை, இறங்கும்போது ஆபத்து. எந்த ஊரானாலும் ஸ்கேட்போர்டுக்குத் தடை போட்ட பாதைகள் உண்டா என்று வளாக விதிகளைப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

சைக்கிள் என்று முடிவானால், பழையதே போதும். ஓடும் நிலையில் உள்ள கியர் சைக்கிள் 150 டாலர் பக்கத்தில் கிடைக்கும். பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு ஊசியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் பன்னிரண்டாவது அங்குலக் கோட்டில் இன்னொரு ஊசியின் நடு சரியாக உட்காரும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும்; செயினை மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது பல்லைவிட்டுத் தாவும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். லேசான கோட்டம் என்றால் ஸ்போக்கை முறுக்கி எடுத்துவிடலாம். ஒரே இடத்தில் சட்டென்று வெட்டினால் ரிம் நசுங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். வளாகத்துக்குள்ளேயே மாணவர்கள் நடத்தும் ‘பைக் பார்ன்’ என்ற சைக்கிள் கடை இருக்கிறது. சின்ன வேலைகளுக்கு அங்கே போகலாம்.

சீட் உயரத்தை இடுப்பு அளவுக்கு வைப்பதெல்லாம் குத்துமதிப்பு. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி தானே லேசாக மடங்கிக்கொள்ளும். நம்மில் பலர் தரையில் இரண்டு காலும் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துவிட்டு, ஒரு மாதத்தில் முட்டி வலிக்கிறது என்பார்கள்.

நம் ஊர்க் கைப்பழக்கம் அங்கே ஆளைக் கவிழ்த்துவிடும் இடம் ஒன்று உண்டு. இங்கே வலது கைப் பிடி முன்பிரேக். அமெரிக்காவில் விற்கும் சைக்கிளில் இடது கைதான் முன்பிரேக். அவசரத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழ வேண்டியதுதான். முதல் நாளே காலியான இடத்தில் இருபது முறை நிறுத்திப் பாருங்கள். போக்குவரத்து வலப்பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டேவிஸ் வளாகத்தில் சைக்கிள்களுக்கென்றே ரவுண்டானாக்கள் இருக்கின்றன; அவற்றைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை. வகுப்பு மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே வட்டத்துக்குள் வரும். முதல் வாரம் அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்போ பின்போ போவது நல்லது. இரவில் வெள்ளை முன்விளக்கும் சிவப்புப் பின் பிரதிபலிப்பானும் மாநிலச் சட்டப்படி கட்டாயம். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் சட்டப்படி குற்றம்.

சைக்கிளின் உண்மையான விலை பூட்டோடு சேர்ந்ததுதான். வயர் பூட்டை ஒரு கட்டிங் பிளேயர் முடித்துவிடும். 40 முதல் 60 டாலருக்குள் சின்ன அளவு யு பூட்டு வாங்குங்கள். பெரிய யு பூட்டில் உள்ளே காலி இடம் அதிகம், நெம்புகோல் நுழையும். பின்பக்க முக்கோணச் சட்டத்துக்குள் வரும்படி பின் ரிம்மையும் டயரையும் சுற்றி, கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுவது ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் பரப்பிய முறை. சக்கரம் அந்த முக்கோணத்தைவிட்டு வெளியே வராது, அதனால் சட்டமும் சேர்ந்து பூட்டினதாகிவிடும். முன்சக்கரத்திலும் சீட்டிலும் கையால் திருப்பிக் கழற்றும் நெம்பி இருந்தால் எடுத்துவிட்டுப் போல்ட்டுப் போடுங்கள். சட்டத்தின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் பிடித்து, பைக் இண்டெக்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்து வையுங்கள்.

இந்தப் பூட்டுத் தொல்லை வேண்டாம் என்பதுதான் லாங்போர்டு வாங்குவதற்கு முதல் காரணம். மூன்று, நான்கு கிலோ. வகுப்பில் நாற்காலிக்கு அடியில் கிடக்கும், ஊர்ப் பேருந்துச் சேவையான யூனிட்ரான்ஸின் சிவப்பு மாடிப் பேருந்திலும் கையோடு ஏறும். தினமும் பேருந்தில் வந்து கடைசி அரை கி.மீ. மட்டும் நடக்கிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

வாங்கும்போது 36 முதல் 40 அங்குல நீளமுள்ள ‘டிராப் த்ரூ’ பலகையாகப் பாருங்கள். ட்ரக் எனும் அச்சு பலகையைத் துளைத்து மேலே மாட்டப்பட்டிருப்பதால் நிற்கும் உயரம் குறைவு. தள்ளும்போது போர்டில் நிற்கும் காலின் முட்டியை ஒவ்வொரு முறையும் அதிகம் மடக்கும் வேலை மிச்சம். சக்கரம் 70 மி.மீ., கடினம் 78ஏ அல்லது 80ஏ. பொம்மைக் கடைப் போர்டுகளின் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் பற்களை ஆட்டிவிடும். 120 டாலருக்குக் குறைந்த புதுப் போர்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். அதோடு மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் அன்றைக்கே வாங்க வேண்டும். விழுகிறவர் கையைத்தான் முதலில் ஊன்றுவார், உடைவதும் மணிக்கட்டுத்தான்.

பழக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து யாரையாவது மெல்லத் தள்ளச் சொன்னால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் முன்கால். அதை முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னே வைத்து, மற்ற காலால் தள்ளுங்கள். வேகம் கூட்டுவதற்கு முன் நிறுத்தப் பழக வேண்டும். உடல் எடை முழுவதையும் முன்காலில் நிறுத்தி, முட்டியை மடக்கி, பின்காலை இறக்கி உள்ளங்கால் முழுதும் தரையை வருடும்படி வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். குதிகால் முதலில் பட்டால் கால் பின்னுக்கு இழுபடும். எடை பின்காலுக்கு மாறினால் போர்டு முன்னே பறக்கும். அந்த இரண்டும்தான் எல்லோரும் செய்கிற தப்பு. செருப்போடு இதைச் செய்யவே முடியாது. தட்டையான அடியுள்ள ஷூ வேண்டும், அதுவும் ஒரு பக்கம் சீக்கிரம் தேயும்.

வேகத்தில் போர்டு இடவலமாக உதறினால் பயத்தில் பின்னுக்குச் சாயாதீர்கள். எடையை முன்காலுக்குக் கொண்டுவந்தால் அடங்கும். ட்ரக்கின் நடு நெட்டை 9/16 அங்குல ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினால் மறுநாள் அந்த உதறல் குறையும். சக்கர நெட்டுக்கு 1/2 அங்குலம். அதை இறுக்கி, பிறகு சக்கரம் அச்சில் மயிரிழை ஆடும்படி தளர்த்த வேண்டும். முழுக்க இறுக்கினால் பேரிங் நசுங்கிச் சுற்றாது. பேரிங்கில் டபிள்யூடி 40 அடிப்பவர்கள் உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குலுக்கிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் இரண்டு துளி போட்டால் போதும்.

வாரம் ஒருமுறை பத்து கிலோ அரிசி மூட்டையோடு கடையிலிருந்து திரும்புகிறவர் இதையெல்லாம் படித்திருக்கவே வேண்டாம். கேரியர் வைத்த சைக்கிள் வாங்கினால் போதும்.